விறகுக் கணக்கும் சாட்சி சொல்லும்: உரிமை மீறலுக்கு ஆவணம் திரட்டிக் காப்பதற்கான முழுமையான வழிகாட்டி

1995ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜஸ்வந்த் சிங் கால்ரா என்ற மனித உரிமைப் பணியாளர், பஞ்சாபின் அமிர்தசரஸ் மாவட்டச் சுடுகாடுகளின் பதிவுகளை நாட்டின் முன் வைத்தார். ‘கேட்பாரற்ற பிணம்’ என்று சொல்லிக் காவல்துறை கொண்டுவந்து எரித்த உடல்களின் கணக்கு அவற்றில் இருந்தது. பிள்ளைகளைத் தேடி அலைந்த பெற்றோருக்கு “அப்படி யாரையும் நாங்கள் பிடிக்கவில்லை” என்று பதில் சொன்ன அதே நிர்வாகம், உடல்களை எரிக்க வாங்கிய விறகுக்குக் கணக்கு வைத்திருந்தது.

அந்த ஆண்டு செப்டம்பர் 6 அன்று கால்ராவையே வீட்டு வாசலிலிருந்து கடத்திக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. ஆனால் அவர் வெளிக்கொணர்ந்த கணக்கு நின்றது. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி விசாரித்த சி.பி.ஐ., மூன்று சுடுகாடுகளில் மட்டும் 2,097 உடல்கள் சட்டத்துக்குப் புறம்பாக எரிக்கப்பட்டதை 1996இல் தெரிவித்தது. கால்ராவின் கொலைக்காக 2005இல் ஆறு காவல்துறையினர் தண்டிக்கப்பட்டார்கள்.

இதே பாடம் குவாத்தமாலாவிலும் கிடைத்தது. 2005 ஜூலையில், குவாத்தமாலா நகரத்தில் காவல்துறைக்குச் சொந்தமான இடத்தில் வெடிபொருள் இருக்கிறதா என்று பார்க்கப் போன மனித உரிமை அலுவலர்கள், அறை அறையாகக் குவிந்து கிடந்த காகிதங்களைக் கண்டார்கள். ஏறத்தாழ 8 கோடிப் பக்கங்கள். ஃபெர்னாண்டோ கார்சியா என்ற தொழிற்சங்க இளைஞர் 1984 பிப்ரவரி 18 அன்று காணாமலாக்கப்பட்டிருந்தார். அவரைப் பிடித்தவர்களைக் காட்டிக்கொடுத்த தாள்களில் ஒன்று, அந்த நாளில் அந்த இடத்தில் நடந்த நடவடிக்கைக்காகக் காவலர்களுக்குப் பதக்கம் வழங்கலாம் என்ற பரிந்துரை. 2010இல் முன்னாள் காவலர்கள் இருவருக்கு 40 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

விறகு ரசீது, பதக்கப் பரிந்துரை. இரண்டையும் எழுதியவர்கள் தாங்கள் சாட்சியத்தை உண்டாக்குகிறோம் என்று நினைக்கவில்லை, அலுவலக வேலையைத்தான் செய்தார்கள். உரிமை மீறல் வழக்குகளில் நாம் தேட வேண்டியது இப்படிப்பட்ட தாள்களைத்தான். ரகசியக் கோப்பு என்றாவது வெளிவரும் என்று காத்திருக்கும் நேரத்தில், வாகன லாக் புக்கும் மருத்துவமனைப் பதிவேடும் சுடுகாட்டுக் கணக்கும் கண்ணெதிரே அழிந்துபோகின்றன.

பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கும், அவர்களுக்குத் துணை நிற்கும் ஊர்ப் பெரியவர்கள், இளம் வழக்கறிஞர்கள், உண்மை அறியும் குழுவினருக்குமாக இதை எழுதுகிறேன். காவல் சித்திரவதையை முதன்மை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டிருக்கிறேன். சட்டப் பிரிவுகள் இந்தியாவுக்கு உரியவை. சித்திரவதைக்குச் சொன்ன முறை கொத்தடிமை மீட்புக்கும் நில அபகரிப்புக்கும் சாதி வன்கொடுமைக்கும் சிறு மாற்றங்களோடு பொருந்தும்.

முதல் படி: அன்றிரவே ஒரு நோட்டுப் புத்தகம்

எந்த அலுவலகத்துக்கும் போவதற்கு முன்னால், நடந்ததை நீங்களே எழுதுங்கள். தேதி, நேரம், இடம், யார் வந்தார்கள், சீருடையில் வந்தார்களா, வாகன எண் என்ன, என்ன சொன்னார்கள், யார் யார் பார்த்தார்கள். நீங்கள் நேரில் கண்டதையும் பிறர் சொல்லிக் கேட்டதையும் தனித்தனியாக எழுதுங்கள். தெரியாத இடத்தைத் தெரியாது என்றே விட்டுவிடுங்கள். நேரத்தை ஊகித்து எழுதிவிட்டால், குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வரி மற்ற எல்லா வரிகளையும் கீழே இழுத்துவிடும்.

தனித்தாள் வேண்டாம், பக்கம் கிழிக்க முடியாத தைத்த நோட்டு வாங்குங்கள். பேனாவால் எழுதுங்கள். தவறு நேர்ந்தால் ஒரே கோட்டால் அடித்து அருகில் சரியானதை எழுதுங்கள். வெள்ளை மை பூசாதீர்கள். ஒவ்வொரு நாள் குறிப்பின் அடியிலும் எழுதியவர் கையெழுத்தும் நேரமும் இருக்க வேண்டும். பிறகு காவல் நிலையத்துக்கு எத்தனை முறை போனீர்கள், யாரைப் பார்த்தீர்கள், என்ன பதில் வந்தது என்பதெல்லாம் இதே நோட்டில் தொடரட்டும்.

இரண்டாம் படி: எந்தத் தாள் எங்கே பிறக்கிறது?

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஒரு மனிதனைக் காவல்துறை பிடித்துச் சென்றால், அவன் நடந்து போகும் வழியெங்கும் காகிதம் உண்டாகிறது. அந்த வழியை ஒரு பெரிய தாளில் வரைந்துகொள்ளுங்கள்: வீடு, வாகனம், நிலையம், மருத்துவமனை, நடுவர் நீதிமன்றம், சிறை, மீண்டும் மருத்துவமனை. ஒவ்வோர் இடத்துக்கும் நேராக அங்கே யார் எதை எழுதியாக வேண்டும் என்று குறியுங்கள்.

கைதின்போது கைதுக் குறிப்பு எழுதப்பட வேண்டும். டி.கே. பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் விதித்த இந்தக் கட்டாயம், இப்போது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 36ஆம் பிரிவில் இருக்கிறது. குடும்பத்தினர் ஒருவரோ அப்பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும், கைதானவரும் கையெழுத்திட வேண்டும். அதில் எழுதியிருக்கும் நேரத்தையும், வீட்டிலிருந்து அழைத்துச் சென்ற நேரத்தையும் ஒப்பிடுங்கள். பெரும்பாலான சட்டவிரோதக் காவல் இந்த இடைவெளியில்தான் ஒளிந்திருக்கிறது. கைதானவர்களின் பெயர் விவரம் நிலையத்திலும் மாவட்டக் காவல் தலைமையிடத்திலும் மக்கள் பார்க்கும்படி வைக்கப்பட வேண்டும் என்று 37ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பலகையை அன்றே படம் எடுங்கள். பெயர் இல்லாவிட்டால், பெயர் இல்லாத பலகையும் சாட்சியம்தான்.

நிலையத்துக்குள் பொது நாட்குறிப்பு இருக்கிறது. யார் வந்தார், யார் போனார், எந்த வாகனம் எங்கே சென்றது என்பது அதில் ஏற வேண்டும். பாரா (காவல் நிற்கும்) பணிக்கான பதிவேடு அன்றிரவு நிலையத்தில் இருந்த காவலர் யார் என்பதைச் சொல்லும். வாகன லாக் புக் கிலோமீட்டர் கணக்கோடு இருக்கும். ‘அவர் ஓடும்போது தவறி விழுந்தார்’ என்று சொல்லப்படும் இடத்துக்கு அந்த வாகனம் அன்று போனதா என்பதை அந்தக் கிலோமீட்டர் சொல்லிவிடும். பொது நாட்குறிப்பைப் பின்னாளில் திருத்தி எழுதலாம். அதோடு லாக் புக்கையும் பாரா பதிவேட்டையும் மருத்துவமனைப் பதிவையும் பொருத்தமாகத் திருத்துவது மிகக் கடினம். ஒரே நேரத்தைப் பற்றி வெவ்வேறு கைகள் எழுதிய பதிவுகளைத் தேடச் சொல்வது இதனால்தான்.

மருத்துவமனையில் விபத்துப் பதிவேடு. ‘ஏ.ஆர். காப்பி’ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். எத்தனை மணிக்கு வந்தார், யார் அழைத்து வந்தது, காயம் எங்கே, எப்படி ஏற்பட்டதாகச் சொன்னார் என்பது மருத்துவர் கையெழுத்தில் இருக்கும். காயம்பட்டவர் பேசும் நிலையில் இருந்தால், அடித்தவர் யார் என்பதை மருத்துவரிடம் தன் வாயால் சொல்லட்டும். மருத்துவர் அதை எழுதினாரா என்று பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள். 108 ஆம்புலன்ஸில் வந்திருந்தால் அதன் ஊழியர் தனியாக ஒரு படிவம் நிரப்பியிருப்பார். கைதானவரைப் பரிசோதித்த அறிக்கையின் நகல் அவருக்கோ அவர் குறிப்பிடும் ஒருவருக்கோ தரப்பட வேண்டும் என்று 53ஆம் பிரிவு சொல்கிறது. இந்த உரிமை பலருக்கும் தெரிவதில்லை.

நடுவர் முன் நிறுத்தும்போது, காவலில் வைக்கக் கேட்டுக் காவல்துறை தரும் ரிமாண்ட் அறிக்கை உண்டாகிறது. “போலீஸ் அடித்தார்களா?” என்று நடுவர் கேட்டதும் அதற்கு வந்த பதிலும் பதிவாக வேண்டும். அந்தச் சில நிமிடங்களுக்குள் காயத்தைக் காட்டிச் சொல்லிவிடுவது நல்லது. பின்னர் சொல்லும்போது, ‘அன்று ஏன் சொல்லவில்லை?’ என்ற கேள்வி எழும். சிறைக்குள் நுழையும்போது சிறை மருத்துவர் உடலைப் பார்த்துக் குறிப்பு எழுதுவார். நிலையத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சாதித்த வழக்குகளில், இந்த நுழைவுக் குறிப்பு உண்மையைச் சொல்லக்கூடும்.

இறப்பு நேர்ந்துவிட்டால், நடுவர் விசாரணை, உடற்கூறாய்வு அறிக்கை, அதன் காணொளி, மயானப் பதிவேடு, இறப்புப் பதிவு என்று பட்டியல் நீளும். காவலில் நிகழும் இறப்பை 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது ஆணையத்தின் நெறிமுறை. எனவே உங்கள் மாவட்டத்திலிருந்து ஆணையத்துக்குப் போன அந்த முதல் தகவலையும் கேட்டுப் பெறும் பட்டியலில் சேருங்கள். பரபரப்பில் முதலில் எழுதப்பட்ட வாசகத்துக்கும், யோசித்துப் பின்னர் எழுதப்பட்ட வாசகத்துக்கும் வேறுபாடு இருக்கலாம்.

வேலைத்தள உரிமைக்கும் இதே வரைபடம் போடலாம். ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற உழைப்பாளர், விவசாயிகள் அமைப்பு 1994 டிசம்பரில் கோட் கிரானாவில் மக்கள் விசாரணை நடத்தியபோது செய்தது இதைத்தான். அரசுப் பணிகளின் வருகைப் பட்டியலை ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். வேலையே செய்யாதவர்கள் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்ததைக் கேட்டுக்கொண்டிருந்த மக்களே அடையாளம் காட்டினார்கள். அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சிதான் 2005இன் தகவல் பெறும் உரிமைச் சட்டம். கூலிக்காரப் பெண்களும் ஆண்களும் பதிவேட்டைக் கேட்டுப் போராடி வாங்கிக் கொடுத்த சட்டம் இது என்பதை மறக்கக் கூடாது.

மூன்றாம் படி: அழியும் வரிசையில் ஓடுங்கள்

எல்லாத் தாளுக்கும் ஒரே ஆயுள் இல்லை. முதலில் அழிவது எதுவோ அதை முதலில் கேட்க வேண்டும்.

கண்காணிப்புக் கேமராப் பதிவுதான் முதலில் போகும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் சித்திரவதையால் இறந்தபோது, நிலையத்தை ஆய்வு செய்யச் சென்ற நீதித்துறை நடுவர் கண்டது நினைவிருக்கலாம். வன்தட்டில் 1 டெராபைட் இடம் இருந்தும், பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில், நாட்டின் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கேமரா பொருத்த வேண்டும், பதிவுகளை 18 மாதங்கள் வைத்திருக்க வேண்டும், அதற்கான கருவி கிடைக்காத இடத்திலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உத்தரவு இருக்கிறது என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். முதல் நாளே காவல் கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: இன்ன நிலையம், இன்ன தேதி, இத்தனை மணி முதல் இத்தனை மணி வரையிலான பதிவை அழிக்காமல் பாதுகாத்து வையுங்கள். அதன் நகலை நடுவருக்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் அனுப்புங்கள். பதிவை வரவழைத்துப் பாதுகாக்கும் அதிகாரம் ஆணையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் உண்டு என்பதை அந்தத் தீர்ப்பே சொல்கிறது. கடிதம் போன பிறகு பதிவு அழிந்தால், ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்ற விளக்கம் எடுபடாது.

எதிரே இருக்கும் டீக்கடை, பெட்ரோல் பங்க், நகைக்கடை ஆகியவற்றின் கேமராக்களில் சில வாரங்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். கடைக்காரரை நேரில் பாருங்கள். அவர் பயப்படுவார், அதில் நியாயம் இருக்கிறது. அவர் பெயர் வெளியே வராமல் வழக்கறிஞர் மூலம் நீதிமன்றம் வழியாகக் கேட்பதாகச் சொல்லி, அதுவரை அழியாமல் வைத்திருக்கக் கேளுங்கள்.

கைபேசி அழைப்பு விவரங்களைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். மருத்துவக் குறிப்புகளை மருத்துவர்கள் மூன்று ஆண்டுகள் காக்க வேண்டும், நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை. தேசிய மனித உரிமை ஆணையம் ஓராண்டுக்கு முந்தைய நிகழ்வுகளை விசாரிக்க முடியாது. இந்தக் காலக்கெடுக்களைச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

நான்காம் படி: கேட்கும் முறையில் கேட்டால்

முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார் கொடுத்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் இலவசம் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 173ஆம் பிரிவு). புகாரை வாங்க மறுத்தால் அதே புகாரைக் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள், அங்கும் அசையவில்லையென்றால் நடுவரிடம் மனு போடுங்கள். நீதிமன்றத்தில் இருக்கும் ஆவணத்துக்கு நகல் மனு போட்டுச் சான்றிட்ட நகல் வாங்குங்கள். சாதாரண ஜெராக்ஸை விட அதற்கு மதிப்பு அதிகம்.

மற்றவற்றுக்குத் தகவல் பெறும் உரிமைச் சட்டம். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய், தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டண வில்லையாகவும் ஒட்டலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. நன்றாக எழுதப்பட்ட புகார்க் கடிதங்கள் மோசமான தகவல் விண்ணப்பங்களாக முடிவதை அடிக்கடி காண முடிகிறது. “என் மகனை ஏன் அடித்தீர்கள்?” என்று கேட்டால், ‘இது தகவல் அல்ல’ என்ற ஒற்றை வரியில் விண்ணப்பம் முடிந்துவிடும். ஏன் என்று கேட்காதீர்கள், எந்தத் தாள் என்று கேளுங்கள். “இன்ன காவல் நிலையத்தின் பொது நாட்குறிப்பில் இன்ன தேதி காலை 6 மணி முதல் மறுநாள் காலை 6 மணி வரையிலான பக்கங்களின் சான்றிட்ட நகல்”, “அதே நிலைய வாகனத்தின் லாக் புக்கில் அந்த இரண்டு நாட்களுக்கான பக்கங்கள்”, “அந்தப் பதிவேடு அழிக்கப்பட்டிருந்தால் அழிக்க அனுமதித்த உத்தரவின் நகல்” என்று எழுதுங்கள். கடைசிக் கேள்வியை எப்போதும் சேருங்கள். ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்ற பதிலுக்கு அதுதான் மறுமொழி. ஆவணங்களைப் பட்டியலிட்டுக் குறியீட்டோடு பராமரிப்பது ஒவ்வொரு பொது அதிகார அமைப்பின் கடமை என்று அச்சட்டத்தின் 4ஆம் பிரிவே கூறுகிறது.

நகல் கேட்பதோடு, பதிவேட்டை நேரில் பார்வையிடவும் கேளுங்கள். சட்டம் அதற்கு இடம் தருகிறது. பக்க எண் தொடர்ச்சியாக இருக்கிறதா, நடுவில் மை மாறியிருக்கிறதா, இரு வரிகளுக்கிடையே பின்னர் செருகியிருக்கிறார்களா என்பதெல்லாம் நேரில் பார்த்தால்தான் தெரியும்.

பதில் 30 நாட்களுக்குள் வர வேண்டும். உயிர் அல்லது தனிமனித விடுதலை தொடர்பானதென்றால் 48 மணி நேரம். ஒருவர் எங்கே அடைத்து வைக்கப்பட்டிருக்கிறார் என்று தெரியாதபோது இந்த 48 மணி நேர விதியை விண்ணப்பத்தின் தலைப்பிலேயே குறிப்பிடுங்கள். பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு.

மறுக்கும்போது மூன்று காரணங்கள் வாடிக்கையாக வரும். ‘விசாரணை நடக்கிறது’ என்பது முதலாவது. விசாரணை நடக்கிறது என்றால் மட்டும் போதாது, இந்தத் தாளைக் கொடுப்பது அதை எப்படித் தடுக்கும் என்று அவர்கள் காட்ட வேண்டும். ‘எங்கள் பிரிவுக்கு விலக்கு’ என்பது இரண்டாவது. உளவு, பாதுகாப்பு அமைப்புகளுக்கு 24ஆம் பிரிவு விலக்கு அளித்தாலும், மனித உரிமை மீறல் குற்றச்சாட்டு தொடர்பான தகவலுக்கு அந்த விலக்கு கிடையாது. தகவல் ஆணையத்தின் ஒப்புதலோடு 45 நாட்களுக்குள் தர வேண்டும். மூன்றாவது, ‘தனிநபர் தகவல்’. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த விலக்கை விரிவாக்கிவிட்டது. இது மக்களுக்கு நேர்ந்த பெரிய இழப்பு என்றே கருதுகிறேன். மேல்முறையீட்டில் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவைச் சுட்டுங்கள். பொதுநலன் மேலோங்கினால் விலக்குள்ள தகவலையும் தரலாம் என்கிறது அது.

ஐந்தாம் படி: தள்ளுபடியான மனுவையும் தூக்கி எறியாதீர்கள்

சிலியில் பினோசேயின் ராணுவ ஆட்சியில் 1976இல் கத்தோலிக்கத் திருச்சபை தொடங்கிய விகாரியா தே லா சோலிதாரிதாத் என்ற அமைப்பின் வழக்கறிஞர்கள், காணாமலாக்கப்பட்டவர்களுக்காக ஆயிரக்கணக்கில் ஆட்கொணர்வு மனுக்களைப் போட்டார்கள். நீதிமன்றங்கள் ஏறக்குறைய எல்லாவற்றையும் தள்ளின. அவர்கள் நிறுத்தவில்லை, ஒவ்வொரு மனுவுக்கும் கோப்பு வைத்தார்கள். 1990இல் மக்களாட்சி திரும்பி உண்மை ஆணையம் அமைந்தபோது, யார், எங்கே, எந்த நாளில் என்ற விவரங்களோடு அந்தக் கோப்புகள் காத்திருந்தன.

ஒப்புகை அட்டை, திரும்பி வந்த தபால் உறை, ‘நடவடிக்கை தேவையில்லை’ என்று முடித்துவைத்த கடிதம், எல்லாம் கோப்பில் இருக்கட்டும். அரசுக்கு அப்போதே தெரியும் என்பதை நிரூபிப்பவை அவையே.

ஆறாம் படி: மனிதர்களின் சொல்லைப் பதிவு செய்தல்

தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் நடத்திய வன்முறைக்கான தீர்ப்பு 2011 செப்டம்பரில் வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். எஞ்சிய 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் 2023இல் அதை உறுதி செய்தது. 19 ஆண்டுகள் கழித்தும் அந்த மலைவாழ் பெண்களின் சொல் நின்றது. ஒரு சாட்சி இவ்வளவு காலம் காத்திருக்க நேரலாம் என்று எண்ணிப் பதிவு செய்யுங்கள்.

ஒருவரிடம் ஒரு முறை முழுமையாகக் கேளுங்கள். வருகிற குழுவுக்கெல்லாம் புதிதாகச் சொல்லவைப்பது அவர்களை மீண்டும் மீண்டும் காயப்படுத்தும். விவரங்களும் முன்பின்னாகும். எதற்காகக் கேட்கிறீர்கள், எங்கே வைப்பீர்கள், யாருக்குக் காட்டுவீர்கள் என்பதை முதலிலேயே சொல்லி ஒப்புதல் பெறுங்கள். வேண்டாம் என்று பாதியில் நிறுத்தும் உரிமை அவருக்கு உண்டு. “இன்ஸ்பெக்டர்தானே அடித்தார்?” என்று கேட்காதீர்கள். “பிறகு என்ன நடந்தது?” என்று கேளுங்கள். அவருடைய வட்டார வழக்கை நீங்கள் செம்மைப்படுத்த வேண்டாம். எழுதியதைப் படித்துக் காட்டித் திருத்தம் கேட்டு, அதன் பிறகு கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள்.

சாட்சியின் பெயரைக் கோப்பின் மேல் எழுதாதீர்கள். ஓர் எண் கொடுங்கள். எண்ணுக்கும் பெயருக்கும் உள்ள பட்டியல் வேறோர் இடத்தில், வேறொருவரிடம் இருக்க வேண்டும். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றம். உண்மை அறியும் குழுவின் அறிக்கையில் ஊர்ப் பெயர், தந்தை பெயர், பள்ளிப் பெயர் மூன்றையும் சேர்த்துப் போட்டாலே அடையாளம் தெரிந்துவிடும் என்பதைக் கவனியுங்கள்.

ஏழாம் படி: கைபேசியில் எடுத்த படமும் காணொளியும்

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், எடுத்த நேரமும் இடமும் அடங்கிய உள்விவரங்களும் போய்விடும். ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் அனுப்புங்கள், அல்லது பென் டிரைவில் நேரடியாக மாற்றுங்கள். வெட்டாதீர்கள், வெளிச்சம் கூட்டாதீர்கள், மேலே எழுத்துப் போடாதீர்கள். அப்படிச் செய்ய வேண்டுமானால் நகலில் செய்யுங்கள். காயத்தைப் படம் எடுக்கும்போது முகம் தெரிய ஒன்று, காயம் இருக்கும் உறுப்பு தெரிய ஒன்று, அருகில் அளவுகோலோடு ஒன்று.

பதிவு செய்த கைபேசியை விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ வேண்டாம். மூலக் கருவியையே நீதிமன்றத்தில் காட்ட முடிந்தால் தனிச் சான்றிதழ் தேவையில்லை, நகலைத் தாக்கல் செய்தால் சான்றிதழ் கட்டாயம் என்பது 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிய நிலை. இப்போது, பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு அந்தச் சான்றிதழைக் கேட்கிறது, அதற்கான படிவம் அச்சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். கோப்பு முழுவதையும் கணக்கிட்டுக் கிடைக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு தொடர்தான் ஹாஷ். காணொளியில் ஒரு நொடியை மாற்றினாலும் அந்தத் தொடர் மாறிவிடும். இலவச மென்பொருளில் ‘ஷா-256’ முறையில் கணக்கிட்டு, கிடைத்ததை உங்கள் நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: பழைய தாளைத் தேடிக் காப்பகத்துக்கு

சில உரிமைகளின் சாட்சியம் நூறாண்டுக்கு முந்தைய தாளில் இருக்கிறது. பஞ்சமி நிலம் அப்படி ஒன்று. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு நிலம் ஒப்படைக்கப்பட்டது. முதல் பத்தாண்டுகள் விற்கக் கூடாது, அதன் பிறகும் அந்த மக்களுக்குள்ளேயே கைமாற வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிலங்களில் பெருமளவு இன்று பிறர் கையில். 1994இல் காரணையில் அந்த நிலத்தைக் கேட்டுப் போராடிய இளைஞர்கள் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள்.

இன்றைய பட்டாவைக் காட்டி ‘இது பஞ்சமி நிலமே இல்லை’ என்பார்கள். எனவே பின்னோக்கி நடங்கள். இன்றைய சர்வே எண்ணிலிருந்து 1980களின் நில உடைமை மேம்பாட்டுத் திட்டப் பதிவேட்டுக்கும், அதிலிருந்து பழைய சர்வே எண்ணுக்கும், அங்கிருந்து கிராம நிலங்களைப் பட்டியலிடும் பழைய ‘அ’ பதிவேட்டுக்கும் செட்டில்மென்ட் பதிவேட்டுக்கும் செல்லுங்கள். குறிப்புக் கலத்தில் ‘டி.சி. நிலம்’ (ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கான நிலம்) என்றோ நிபந்தனை ஒப்படை என்றோ எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எண் மாறியிருக்கும். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைக்கும் ஒப்பீட்டுப் பட்டியலைத் தவறாமல் வாங்குங்கள், அது இல்லாமல் சங்கிலி அறுந்துவிடும். இடைப்பட்ட விற்பனைகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றிதழ். வட்டாட்சியர் அலுவலகத்தில் ‘பழையது இல்லை’ என்றால், மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கும் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும் போக வேண்டும். அங்கே ஊர்ப் பெயரோடு அந்தக் காலத்து மாவட்டம், தாலுகா பெயர்களையும் தெரிந்துகொண்டு போங்கள். நிகழ்ந்து 20 ஆண்டுகள் கடந்தவை பற்றிய தகவலுக்குத் தகவல் சட்டத்தின் பெரும்பாலான விலக்குகள் பொருந்தாது என்பதையும் விண்ணப்பத்தில் எழுதுங்கள்.

ஒன்பதாம் படி: தாளைக் காப்பது

லேமினேஷன் செய்யாதீர்கள். சூடும் பசையும் தாளைக் கெடுக்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. செலோ டேப் ஒட்டாதீர்கள். துருப்பிடிக்கும் ஊசியையும் ஸ்டேப்பிளர் பின்னையும் எடுத்துவிடுங்கள். வழவழப்பான வெப்பத்தாளில் அச்சான ரசீதுகள் சில மாதங்களில் வெளுத்துவிடும், வாங்கிய அன்றே படமெடுத்து நகல் போடுங்கள். தகரப் பெட்டியைத் தரையில் வைக்காமல் உயரத்தில் வையுங்கள். 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகு சான்றிதழ்களுக்காக மக்கள் சிறப்பு முகாம்களில் நின்றதைப் பார்த்த பிறகும் கட்டிலுக்கு அடியில் ஆவணம் வைப்பது சரியல்ல.

மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். இலங்கையில் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார், 2010இல் அமைந்த நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் அமைந்த ஆணைக்குழு, 2016இன் சட்டப்படி அமைந்த காணாமற்போனோர் அலுவலகம் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கதையையும் ஒரே படத்தையும் கொடுத்துக்கொண்டிருக்க நேர்ந்தது. விசாரிக்கும் அமைப்பு மாறும், கலையும். பிள்ளையின் அடையாள அட்டையும் கடைசிப் படமும் தாயிடமே இருக்க வேண்டும். எந்த ஆணையமானாலும் நகலைக் கொடுத்து, நகலைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். நீதிமன்றம் மூலத்தைக் கேட்டால் மட்டும், வழக்கறிஞர் வழியாக, சான்றிட்ட நகலை எடுத்துக்கொண்டு ஒப்படையுங்கள்.

பத்தாம் படி: உங்களுக்குப் பிறகு யாரிடம்?

மூன்று தொகுப்புகள் செய்யுங்கள். ஒன்று குடும்பத்திடம், ஒன்று வழக்கறிஞரிடம், ஒன்று வேறு ஊரில் நம்பிக்கையான ஓர் அமைப்பிடம். மூன்றிலும் ஒரே வரிசை எண், ஒரே பட்டியல். ஒவ்வொரு தாளுக்கும் நேராக எங்கிருந்து, எந்த நாளில், யார் வழியாக வந்தது என்று எழுதுங்கள். கைமாறும் ஒவ்வொரு முறையும் கொடுத்தவரும் வாங்கியவரும் தேதியோடு கையெழுத்திட வேண்டும். முப்பது ஆண்டுகள் பழமையான ஆவணம், இருக்க வேண்டியவரிடமிருந்து வந்தால், அதிலுள்ள கையெழுத்து உண்மையானது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்று சாட்சியச் சட்டம் சொல்கிறது. எழுதியவரும் சாட்சியும் இறந்துபோன காலத்தில் இந்தக் கைமாற்றுக் குறிப்புதான் அந்தத் தாளுக்காகப் பேச வேண்டியிருக்கும்.

பெட்டியை வைத்திருப்பவர் முதியவராக இருந்தால், அடுத்து வைத்திருக்கப் போகும் இளையவரின் பெயரைப் பட்டியலின் முதல் பக்கத்திலேயே எழுதி, அவரையும் கையெழுத்திடச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை இருவரும் சேர்ந்து பெட்டியைத் திறந்து, பட்டியலோடு ஒவ்வொரு தாளையும் சரிபார்த்து, பென் டிரைவ் திறக்கிறதா என்று பார்த்து, அன்றைய தேதியைக் குறித்து வையுங்கள்.